உறையாத தூக்கு

என்னங்க,

எழுப்பப் பயமாக இருக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

விடுமுறைக்கு வரும் விருந்தாளிகளுக்காக நேற்று பாலில் முட்டையும் சர்க்கரையும் அடித்துக் காய்ச்சினேன். பெரிய தூக்குவாளியில் மட்டும் ரம் ஊற்றினோம். சின்னது உங்களுக்கும் பாப்பாவுக்கும். "நான் எடுத்து வைக்கிறேன், நீ போய்ப் படு"ன்னு சொன்னீங்க. ஒரு வருஷமாக நீங்கள் குடியைத் தொடவில்லையே என்று நானும் நிம்மதியாகப் படுத்தேன்.

இரண்டையும் ஃப்ரீசரில் வைத்துவிட்டீர்கள். ரம் ஊற்றிய பால் லேசில் உறையாது. ஊற்றாதது காலைக்குள் கல்லாகியிருக்க வேண்டும். திறந்து பார்த்தேன், இரண்டுமே தளும்பின. சின்னதை மோந்து பார்க்கும் வேலைகூட மிச்சம்.

அதைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். உங்களிடம் எதுவும் கேட்கப் போவதில்லை.

ஹாஸ்டலிலிருந்து பாப்பாவைக் கூட்டி வர நானே பஸ்ஸில் போகிறேன். "அப்பா ஏம்மா வரல?" என்றுதான் முதலில் கேட்பாள். அதற்கு வழியில் ஏதாவது யோசித்துக்கொள்கிறேன்.

இந்தக் காகிதம் மாட்டியிருக்கும் ஆணியில்தான் வழக்கமாகக் கார் சாவி தொங்கும். தேடாதீர்கள், அது என் பையில் இருக்கிறது.

பாப்பாவின் அம்மா