மலைக்கு அந்தப் பக்கத்துக் கடற்கரை

இன்று காலை சிங்கப்பூர் தேக்கா சந்தையில் யாரோ பலா போன்ற சம்பெடாக் பழத்தைப் பிளந்து வைத்திருந்தார்கள். அந்த வாசத்தில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் தள்ளுவண்டியோடு வந்தவர், "நடங்கக்கா" என்றார். நடந்தேன். மனம் மட்டும், தோழி, நாம் உல்லாசக் கப்பலிலிருந்து இறங்கிப்போன தீவுக்குப் போய்விட்டது.

உனக்குச் சிகிச்சை முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. உன் மகள் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தாள். உனக்கோ மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடற்கரையைச் சொந்தக் காலில் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். நீ பிடித்த பிடிவாதத்தில் அவள், "ஆண்டி, நீங்கதான் பொறுப்பு" என்று என்னிடம் சொல்லிவிட்டாள்.

மலையடிவாரத்தில் ஒரு கடை. சிங்கப்பூர்ப் பழக்கத்தில் மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்துவிட்டு, சம்பெடாக் பஜ்ஜி வாங்கப் போனோம். திரும்பினால், இரண்டு மலாய்ப் பெரியவர்கள் அங்கே உட்கார்ந்து நம் டிஷ்யூவில் வாய் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் வைத்தது என்று நினைத்திருக்கிறார்கள்!

"சிங்கப்பூரத் தாண்டினா டிஷ்யூ வெறும் டிஷ்யூதான் லா" என்று நீ சிரித்த சிரிப்பில், காரணம் புரியாமலே அவர்களும் சிரித்து, நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

ஏற்றத்தில் பாதி வழியில் உனக்கு மூச்சு வாங்கியது. ஒரு மரவேரில் உட்கார்ந்தாய்.

"திரும்பிடலாமாடி?" என்றேன்.

"இன்னொரு தடவ கேட்டேன்னா உன்ன இந்தக் குரங்குங்ககிட்டயே விட்டுட்டுப் போயிடுவேன். நீ முன்னாடி போ. திரும்பிப் பாக்காத."

போனேன். திரும்பிப் பார்க்காமல் நடப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. உன் செருப்புச் சத்தம் நின்றபோதெல்லாம் நானும் நின்றேன். பிறகு மரங்கள் விலகின. கீழே பச்சைக் கடல். என் பக்கத்தில் வந்து நின்றாய். வியர்த்து வழிந்த முகத்தில் அப்படியொரு கர்வம். இறங்கிப்போய், உடுத்திய துணியோடு இடுப்பளவு நீரில் நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் வாரியடித்தோம்.

கப்பலுக்குத் திரும்பியதும் உன் மகள் ஓடிவந்தாள். "ரொம்ப டயர்டாம்மா?"

"பசிக்குது" என்றாய். பல மாதங்களாக உன் வாயிலிருந்து வராத சொல். அவள் அழுதுகொண்டே தட்டெடுக்க ஓடினாள்.

இப்போது என் அம்மா, முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின், செம்பவாங் கடற்கரையில் நடந்து பழகுகிறார். நான் நாலடி முன்னால் போகிறேன். முடிகிறதா என்று கேட்பதில்லை. நடந்து முடித்ததும், என்ன சாப்பிடலாம் என்றுதான் கேட்கிறேன்.

ஒவ்வொரு முறையும் புரோட்டா என்கிறார்.