வேறு பஸ்

என்னங்க,

உங்கள் தங்கை இதைப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பாள். தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

ஹோலி பார்க்க வந்த கூட்டத்தில் எல்லா முகமும் ஒரே பச்சை, ஒரே சிவப்பு. நான்பாட்டுக்கு எங்கள் சுற்றுலா பஸ் என்று நினைத்து வேறொரு குழுவின் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் தூங்கியும்விட்டேன். அவர்கள் விடுதியில் இறங்கி முகம் கழுவிய பிறகுதான், அதில் ஒருவர்கூட எனக்குத் தெரிந்தவர் இல்லை என்று புரிந்தது.

அசடு வழிய நின்றேன். அந்தக் குழுவிலிருந்த ஒரு டீச்சரம்மா சிரித்துவிட்டார். "உங்க கைடுக்குப் போன் போட்டாச்சு, வந்துடுவார். இப்படி உட்காருங்க" என்று வாளியில் வெந்நீர் கொண்டுவந்து என் தலையை அலச ஆரம்பித்தார்.

"ஐயோ, நானே பண்ணிக்கிறேங்க."

"பேசாம குனிங்கம்மா!"

அழுகை வந்துவிட்டது. கண்ணில் ஷாம்பூ என்று சமாளித்தேன். நம் வீட்டில் உங்களைக் குளிப்பாட்டிவிடுகிற என் கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.

"நீ போகலைன்னா மாத்திரையே போட மாட்டேன்" என்று அடம்பிடித்து அனுப்பினீர்களே, நன்றாயிருப்பீர்கள்.

ஒரு பொட்டலம் வண்ணப் பொடி வாங்கியிருக்கிறேன். வந்ததும் உங்கள் கன்னத்தில் பூசுவேன். அன்று மட்டும் துடைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பஸ் மாறி ஏறிய உங்கள் வீட்டுக்காரி