மேசைக்குக் கீழே

மைனி, என் இடது மணிக்கட்டில் நகத்தடம் சிவந்து கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவினேன், உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் கழித்து, அதே இடத்தில்.

இது பேத்தியின் நகம். வேலைக்குச் சேர்ந்து இன்னும் வருஷம் ஆகவில்லை. தினமும் தாராவியில் இருந்து அந்தேரிக்கு ஓடுகிறவள், இன்று வீட்டில் இருந்தே லேப்டாப்பில் மீட்டிங். அதில் நன்றாகப் பேசினால்தான் வேலை பெர்மனென்ட். ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் பழகினாள். முதுகு வளையக் கூடாதாம், சும்மா சும்மா சாரி சொல்லக் கூடாதாம்.

"ஏட்டி, பயமா இருக்கா?" என்றேன்.

"இருக்கு ஆச்சி. ஆனா வெளிய தெரியக் கூடாது. அதான் கான்ஃபிடன்ஸ்."

எனக்கு விளங்கவில்லை. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். இருப்பதை இல்லை என்று காட்டினால் அது பொய்தானே?

"குக்கர் வைக்காதீங்க. பக்கத்துல கீழ உக்காருங்க, கேமராவுல தெரியாது" என்றாள். நான் எதற்கு என்று தெரியாமலே உட்கார்ந்தேன். இங்கிலீஷில் பேசிக்கொண்டே போனாள். நடுவில் ஓர் ஆண் குரல் குறுக்கே வந்தது. இவள் நிறுத்தவில்லை. செய்தி வாசிக்கிற மாதிரி குரல். ஆனால் மேசைக்குக் கீழே அவள் கை வந்து என் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டது. ஐஸ் மாதிரி இருந்தது.

உங்கள் கையும் அப்படித்தானே, மைனி. ரூமைக் காலி பண்ணச் சொல்லி பில்டர் ஆட்கள் மீட்டிங் போட்ட அன்று, ஆம்பளைகளே வாயடைத்து இருந்தார்கள். நீங்கள் எழுந்து, "உதர் பானி நஹீ, ஹம் நஹீ ஜாயேகா" என்றீர்கள். அவர்கள் காட்டிய இடத்தில் தண்ணீர் இல்லை, போகமாட்டோம் என்று.

"ஏ அம்மா, பைட்டோ!" என்று உட்காரச் சொல்லி அதட்டினான் பில்டர் ஆள்.

"நீ பைட்டோ!"

கூட்டமே சிரித்தது. சிங்கம் என்றார்கள் உங்களை. முந்தானைக்குள் உங்கள் கை என் மணிக்கட்டை வளையலோடு சேர்த்து நெரித்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே வந்து, பயமா மைனி என்று கேட்டேன். "கை நடுங்கினா நடுங்கட்டும்ளா. நாக்கு நடுங்கலைல்லா?" என்றீர்கள். பதில் சொன்னீர்களா, கேலி பண்ணினீர்களா, இன்றுவரை தெரியவில்லை. வாயே திறக்காத என்னை, "செருப்பப் போடுளா" என்று ஒவ்வொரு மீட்டிங்குக்கும் இழுத்துப் போவீர்கள். நானும் நாலு விஷயம் தெரிந்துகொள்ளட்டும் என்று கூட்டிப் போவதாக நினைத்திருந்தேன். இப்போது அதுவும் குழப்பமாக இருக்கிறது.

சாயங்காலம் பெர்மனென்ட் என்று போன் வந்தது. எதிர் ரூம் வரைக்கும் லட்டு கொடுத்தேன், எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பயமே இல்லாம பேசினேன்னு சார் சொல்றாரு ஆச்சி!" என்று குதித்தவள், என் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"வலிச்சுதா?"

"இல்லட்டி." உங்களிடம் சொன்ன அதே பொய்.

அடுத்த மீட்டிங் ஆபீஸில். அங்கே நான் போய்க் கீழே உட்கார முடியுமா? யார் கையைப் பிடிப்பாள்? கேட்டால், பார்த்துக்கிறேன் என்கிறாள்.

தடவிய எண்ணெயைத் துடைத்துவிட்டேன், மைனி. தடம் கொஞ்ச நாள் இருக்கட்டும்.