இரண்டு பக்கத்துக்கும் ஒரே உறை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், எல்லைக் காவலில் குளிரிலும் காற்றிலும் நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. பஸ் நின்றுபோனதால் உன் தங்கை காலேஜுக்கு நடக்கிறாள், அந்தக் கோபத்தையும் என்னிடம்தான் காட்டுகிறாள். பஸ்ஸுக்கு ஒதுக்கிய பணமும் ராணுவத்துக்குப் போய்விட்டதாம்.

நான் தைக்கிற தார்ப்பாய் பட்டறைக்குப் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. எல்லையில் உனக்கு எதிரே நிற்கிறார்களே, அந்த நாட்டிலிருந்து போன மாதம் பெரிய ஆர்டர் வந்தது. கதிரடிக்கும் எந்திரத்துக்கு உறை என்றார் முதலாளி. முன்னால் நீளமாக மூக்கு வைத்துத் தைக்கச் சொன்னபோதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. யாரோ ஒரு விவசாயியின் எந்திரம் துருப்பிடிக்கக் கூடாதே என்று, யாரும் சொல்லாமலே மூலைக்கு மூலை இரட்டைத் தையல் போட்டேன். அனுப்பியும் ஆகிவிட்டது. இந்த வாரம் நம் ராணுவமும் ஆர்டர் கொடுத்திருக்கிறது, அதே நீளம், அதே மூக்கு. அளவு சொல்ல வந்த அதிகாரி பீரங்கிக்கு உறை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். போன மாதம் நான் தைத்ததும் பீரங்கிக்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. முதலாளியிடம் கேட்டால் மனுஷன் அசரவே இல்லை. "நம்மகிட்ட பஞ்சு வித்த காசுல அவங்க பீரங்கி வாங்கினாங்க, அதப் பாத்து நாமளும் வாங்கினோம், ரெண்டு பேருக்கும் வித்தது நம்ம நட்பு நாடுதான், வியாபாரம் நடக்கிற வரைக்கும் சண்டை வராதும்மா" என்று பல்லைக் குத்திக்கொண்டே சொல்கிறார். அவர் பிள்ளையா எல்லையில் நிற்கிறான்? நம் காசில் வாங்கிய பீரங்கியால் அவர்கள் உன்னைக் குறி பார்ப்பார்கள், அதை மழை படாமல் உன்னைப் பெற்றவள் மூடி வைப்பாள். தூ, இதுவும் ஒரு பிழைப்பா? நட்பு நாடாம், வெட்கம் கெட்டவர்கள். அவசரப்படாதே என்கிறார் உன் அப்பா, நாளைக்கே வேலையை விடப்போகிறேன். தலையணை உறை தைத்தாவது பிழைத்துக்கொள்வேன்.

ஆனால் தைத்தது தைத்ததுதான். என் தையலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது, அது உனக்கே தெரியும். அதனால் இதை மட்டும் மறக்காதே. அவர்கள் உறையைக் கழற்றுவது கண்ணில் பட்டால், மழையில் கிடந்ததுதானே, வெடிக்காது என்று அசட்டையாக நிற்காதே. உடனே பதுங்கிவிடு.

ஒரு கீறல் இல்லாமல் நீ வீடு வந்து சேர என் ஆசிகள் எல்லாம் உனக்கே.

இப்படிக்கு,
உன் அம்மா