மாவு மில் சத்தம்

நவ. 11, செவ்வாய்

மழை. துணி எதுவும் காயவில்லை. அப்பாவின் பனியன்கள் உள்ளறைக் கொடியில், ஃபேனுக்குக் கீழே. வீடு முழுக்க ஈர நாற்றம்.

ஆக்சிஜன் மெஷினில் காலையிலிருந்து மஞ்சள் விளக்கு. ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டினேன். அணையவில்லை.

காரணம் தெரியாமல் இல்லை. என் பிஎச்.டி.யே அதுதான். மெஷினுக்குள் ஜியோலைட் மணிகள், உடம்பெல்லாம் துளை. காற்றை அழுத்தி விட்டால் நைட்ரஜன் துளைகளில் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் தப்பி அப்பாவின் மூக்குக்குழாய்க்கு வரும். அழுத்தத்தை எடுத்தால் நைட்ரஜன் விட்டுப் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. தண்ணீர் அப்படியில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்காது. அப்புறம் நைட்ரஜனுக்கு ஏது இடம்.

இந்த மணிகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் என் ப்ரோக்ராமில் மட்டும் காற்றில் ஈரமே கிடையாது. முடிச்சூரில், நவம்பரில். வெட்கமாக இருக்கிறது.

நவ. 12, புதன்

மெஷின் கடை பாபு வந்தான். மூடியைக் கழற்றிப் பார்த்தான். "ஈரம் பூந்துகிச்சுக்கா. உள்ள மணி பூரா முறுக்கு கணக்கா நமுத்துப் பூட்ச்சி. கம்பெனிக்குப் போய்த்தான் வரணும். அதுவரிக்கும் இத்த வச்சிக்கோ. சவுண்டு கொஞ்சம் பேஜாரா கீது, ஆனா காத்து சோக்கா வரும்."

பழைய மெஷின். டடடடடவென்று தரையே அதிர்கிறது. டம்ளர் தானாக நகர்ந்தது.

அப்பா முப்பது வருடம் பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர். விசில் இல்லாமலே மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும் குரல். இப்போது நுரையீரல் முழுக்கத் தழும்பு, ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துத்தான் பேசுகிறார். "நான் கத்துன கத்தெல்லாம்... கர்த்தர் சேத்து வச்சி... திருப்பிக் குடுக்குறார் பாரு." சிரித்தார். இருமல்.

வாங்க: கொசுவத்தி, ரஸ்க், இருமல் மாத்திரை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

நவ. 13, வியாழன்

கல்லூரிக் கம்ப்யூட்டரில் வீட்டிலிருந்தே புது ரன் போட்டேன். இந்த முறை தண்ணீர் மூலக்கூறுகளோடு. ஆமை வேகம்.

மதியம் கரண்ட் போனது. அப்பாவைச் சத்தமே இல்லாத ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றினேன். சாயங்காலம் கரண்ட் வருவதற்குள் முள் சிவப்பில், காலி. பாபுவுக்கு ஃபோன். "ரோட்ல முட்டி வரிக்கும் தண்ணிக்கா. வண்டி வராது. வடிஞ்சதும் மொத வேலையா உன் வூட்டுக்குத்தான்."

நவ. 14, வெள்ளி

மழை விடுமுறை. திங்கட்கிழமை ரிவியூ ஆன்லைனில். காட்டாங்குளத்தூர் கல்லூரிக்குப் போக வேண்டாம், அப்பாவைத் தனியே விட வேண்டாம். நல்லதாகப் போயிற்று.

இந்த ரிவியூ சொதப்பினால் தீசிஸ் இந்த வருடம் இல்லை. அடுத்த வருடத்தைப் பற்றி நான் யோசிப்பதில்லை. அப்பா என்னை டாக்டர் என்று இப்போதே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பால்காரரிடம்கூட.

கைடு சாரோடு ஒத்திகை. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நடுவில் நிறுத்திவிட்டு, "என்னம்மா, மாவு மில்லுலயா உக்காந்திருக்கே? ஒண்ணுமே கேக்கல. திங்கட்கிழமை வெளியாளுங்க வராங்க, இந்தச் சத்தம் இருந்தா மானம் போயிடும்." நானும் கூடச் சிரித்தேன். என்ன சத்தம் என்று சொல்லவில்லை. சொன்னால் அவர் குரல் பரிதாபமாக மாறிவிடும், அது வேண்டாம் என்று.

அப்பா பக்கத்தில்தான் இருந்தார். ரஸ்கைக் காப்பியில் தொட்டுக்கொண்டு.

நவ. 16, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஆராதனை ஃபோனில். மெஷின் சத்தத்தில் பாட்டு எதுவும் பிடிபடவில்லை. அப்பா உதட்டை மட்டும் அசைத்தார்.

ரன் முடிந்துவிட்டது. நைட்ரஜன் உட்கார வேண்டிய இடத்தில் எல்லாம் தண்ணீர். படம் அழகாக வந்திருக்கிறது, நாசமாய்ப் போக. ஒரு ஸ்லைடு சேர்த்தேன்.

ரோட்டில் தண்ணீர் வடியவில்லை. சிலிண்டர் வரவில்லை.

நவ. 17, திங்கள்

ரிவியூ முடிந்தது. பாஸ்.

அப்பாதான் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். "நீ பேசு. நான்... பேப்பர் படிக்கிறேன்." ஹெட்ஃபோன் மாட்டினேன். ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சத்தம் அடங்கியது. கதவும் ஹெட்ஃபோனும்தான் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன். நிம்மதியாக இருந்தது.

வெளிக் கல்லூரிப் பேராசிரியர் கேட்டார்: "இதெல்லாம் நடைமுறையில எங்கம்மா உதவும்?" வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் மெஷின், சார், என்றேன். தண்ணீர் ஸ்லைடைக் காட்டினேன். அதுதான் எல்லாருக்கும் பிடித்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். மழைச் சத்தம் கேட்டது. மழை மட்டும்.

அப்பா நாற்காலியில். குழாய் மூக்கிலேயே இருந்தது, நான் எட்டிப் பார்த்தால் தெரியக்கூடாதென்று. மெஷின் ஸ்விட்ச் ஆஃபில். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி. போட்டேன். டடடட. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அறுபத்தெட்டு என்று காட்டியது.

கண்ணைத் திறந்தார். "கேட்டுச்சா... சத்தம்?"

"இல்லப்பா."

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

ஆம்புலன்ஸ் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு வந்தது.

நவ. 18, செவ்வாய்

குரோம்பேட்டை ஆஸ்பத்திரி. ஐ.சி.யூ. வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. மழை விட்டிருக்கிறது.

அப்பா முகத்தை மூடிய மாஸ்க். பேச்சில்லை. டாக்டர் பிடி கொடுத்துப் பேசவில்லை. பார்க்க விட்டபோது கையைப் பிடித்தேன். கட்டைவிரல் அசையவில்லை.

பாபு ஃபோன். தண்ணீர் வடிந்துவிட்டதாம், சிலிண்டரோடு வாசலில் நிற்கிறானாம், வீடு பூட்டியிருக்கிறதே என்றான்.

சாரிடமிருந்து மெசேஜ். "வாழ்த்துகள். எல்லாரும் பாராட்டினாங்க. மில் சத்தமே இல்லையே, எங்கே போய் உக்காந்தே?"