இரண்டாவது ஒப்பம்

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நீ விட்டுப்போன மூன்று பூத்தொட்டிகளும் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன், இல்லை என்று நீயே எழுதிவிட்டாய், அதனால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன். உன் மெயில் ஞாயிற்றுக்கிழமையே வந்திருக்கிறது, ஆய்வுக்கூடத்தில் ஆள் குறைவு என்று இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்ததில் நான் அதைத் திறந்ததே இன்று செவ்வாய் காலையில், பஸ்ஸில் வரும்போதுதான். படித்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். போன் பண்ணாதே, குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், எழுது என்று சொல்லியிருக்கிறாய். அதனால் ஆஸ்பத்திரி கேன்டீனில் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் பழைய பரிசோதனைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், படம் பிடித்து அனுப்புகிறேன், கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

நீ எழுதியதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார். அந்தப் பாறைக்கோளில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போன உங்கள் சின்ன விண்கலம், மின்சாரத்தை மிச்சப்படுத்த நாள் முழுக்கத் தூங்கி, ஒரே ஒரு தடவை இருபது நிமிடம் விழித்து நீங்கள் சொல்வதைக் கேட்கும். அது எப்போது விழிக்க வேண்டும் என்ற புது அட்டவணையைப் போன மாதம் நீதான் அனுப்பினாய். உலகப் பொது நேரத்தில் ஆறு மணி என்று போட வேண்டியதை, உங்கள் அறைச் சுவரில் உங்கள் ஊர் நேரம் காட்டிய கடிகாரத்தைப் பார்த்துப் பத்து என்று போட்டுவிட்டாய். பத்தொன்பது நாளாக நீங்கள் உங்கள் காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறீர்கள், அது நாலு மணி நேரம் கழித்து மதியம் இரண்டு மணிக்கு விழித்துக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்துவிட்டு மறுபடி தூங்கப் போகிறது. பாவம் அது. இரண்டு பேர் பார்த்து ஒப்பம் போட வேண்டிய தாளில், அந்த இரண்டாவது ஆளான தாடி அண்ணன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கிளம்பிவிட்டதால் அவர் கட்டத்திலும் நீயே டிக் அடித்துவிட்டாய். இரண்டு ஒப்பமும் இருப்பதால் அந்தத் தாளை யாரும் திறக்கவே இல்லை, ரேடியோ கெட்டுவிட்டது என்று அதன் பின்னாலேயே அலைகிறார்கள். ஐந்து நாளாக உனக்கு மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமையோடு பெரிய ஆன்டெனாவை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவார்கள். சொன்னால் உன் வேலையும் போகும், தாடி அண்ணன் வேலையும் போகும் என்று பயப்படுகிறாய். இவ்வளவுதானே?

வாலு, இப்போது உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ கிளம்பிய வருடம்தான் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்தப் புது எந்திரம் வந்தது, ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டைத் தானே படம் பிடித்து அணுக்களை எண்ணும், ஆயிரம் ஆயிரமாகப் படம் பார்த்துக் கற்றுக்கொண்டது. இது வந்தால் நாம் எதற்கு என்று எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தோம். ஆனால் அதனிடம் ஒரு நல்ல குணம் உண்டு, தனக்கு உறுதியில்லாத துண்டுக்கு மஞ்சள் கட்டம் போட்டுவிடும், அதை மனிதர்கள் இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒருநாள் கூட இருந்த அக்கா டீ குடிக்கப் போயிருந்தாள், நான் இரண்டு துண்டுகளைத் தட்டில் இடம் மாற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கட்டத்தில் அவளுக்கும் சேர்த்து நானே ஒப்பம் போட்டேன். நல்ல ரத்தம் உள்ள ஒரு பஸ் டிரைவரைக் கூப்பிட்டு, உன் ரத்தத்தில் பெரிய வியாதி இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் தட்டைக் கழுவும்போதே, துண்டுகளின் எண்கள் இடம் மாறியிருப்பதைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. இப்போது நீ சொல்கிற காரணங்கள் ஒவ்வொன்றையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அந்த அக்காவுக்காகத்தான் சொல்லவில்லை என்பது உட்பட.

நான்காம் நாள் போய்ச் சொன்னேன், இன்னொரு துண்டுக்கு உரியவரையும் அன்றே கூப்பிட்டுவிட்டார்கள். பெரிய டாக்டர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. மொத நாளே சொல்லியிருந்தா அந்த மனுஷன் மூணு ராத்திரி தூங்கியிருப்பாரேம்மா என்றார், அவ்வளவுதான். ஆறு மாதம் என்னை மஞ்சள் கட்டத்தின் பக்கமே விடவில்லை. அந்த அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, எட்டாம் நாள் ஏண்டி, எனக்கும் சேத்து நீயே கையெழுத்து போடுவியா, அப்ப என் சம்பளத்தையும் நீயே வாங்கிக்கோ என்று தொடங்கி, பழையபடி பேச ஆரம்பித்துவிட்டாள். அந்த டிரைவர் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டே போனேன். அவர் போனை நீட்டி, எம் பொண்டாட்டிகிட்ட நீங்களே ஒரு தடவ சொல்லிருங்கம்மா, நான் சொன்னா நம்ப மாட்டா என்றார். அந்த அம்மா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. தப்பு செய்ததற்காக நான் இன்று வருந்துவதில்லை, யாருக்கும் கை தவறும். அந்த மூன்று நாளுக்காகத்தான் வருந்துகிறேன்.

அப்பாவிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். சொல்லிவிட்டேன், மன்னித்துவிடு, என் முகத்தை வைத்துக்கொண்டு அவரிடம் எதை மறைக்க முடியும். பழுது பார்க்கப் போன ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட்டுக்கு மேலே உட்கார்ந்துகொண்டே போனில் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். லிஃப்ட் நடுவுல நின்னா எந்த மாடின்னு யாராவது சொன்னாத்தான் நான் போய்த் தொறக்க முடியும், அது எந்த மாடியில நிக்குதுன்னு அவ ஒருத்திக்குத்தானே தெரியும், சொல்லச் சொல்லு என்றார். பிறகு, புள்ள சாப்பிட்டாளா என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் கேட்போம், வேறு கேட்கத் தெரியாது.

உன்னை மடியில் வைத்துக்கொண்டு கல்லூரியில் இயற்பியல் பரீட்சைக்குப் படித்தவள் நான், உன் தோழிகள் என்னை இன்னும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆனாலும் உன் விஷயத்தில் கிழவி மாதிரிதான் பயப்படுகிறேன். வேலை போகாது என்று பொய் சொல்ல மாட்டேன். போனால் வா, உன் அறையில் நான் துணி காயப்போடுகிறேன், எடுத்துவிடுகிறேன். தாடி அண்ணனுக்கு முதலில் சொல்லிவிட்டு, அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, நீ ஹெட்மிஸ்ட்ரஸ் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிற அந்தக் குழுத்தலைவியிடம் போய்ச் சொல். தாடி அண்ணனுக்காக நீயே ஒரு முடிவெடுத்தது ஒரு தடவை போதும். சுற்றி வளைக்காதே, அழுவதானால் சொல்லி முடித்துவிட்டு அழு.

பயத்தில் கணக்கையும் தப்பாகப் போட்டிருப்பாயோ என்று இந்தச் சீட்டிலேயே நானும் போட்டுப் பார்த்தேன். உங்கள் கடிகாரம் பொது நேரத்துக்கு நாலு மணி நேரம் முன்னால், அதனால் அது விழிப்பது உங்கள் மதியம் இரண்டு மணிக்கு. உங்கள் சொல் அங்கே போய்ச் சேரப் பதினொரு நிமிடம் என்றாய், அதனால் ஒன்று நாற்பத்தொன்பதுக்கு அனுப்பத் தொடங்க வேண்டும். மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் அதேதான். நாளை புதன், ஆன்டெனா வெள்ளி வரை உங்களுடையது, காலையில் போய்ச் சொன்னால் நாளை மதியமே அதன் காதில் விழும். வெறும் வயிற்றோடு போகாதே. உனக்குத் தைரியமும் உன் ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் பொறுமையும் நிறையக் கிடைக்கட்டும், எங்கோ தனியாகக் காத்திருக்கிற அந்தக் குட்டிக்கும் ஒரு குரல் கேட்கட்டும். சொன்ன பிறகு போன் பண்ணு, அழுதாலும் பரவாயில்லை, எடுப்பேன்.

கணக்கைச் சரிபார்த்தேன், சரியாக இருக்கிறது.
இரண்டாவது ஆளாக, உண்மையாகவே பார்த்து ஒப்பமிடுவது,
உன் அம்மா