இரண்டு பூச்சு வெள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், படித்துவிட்டுக் கிழியுங்கள். இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முட்டி போய்விட்டது, ஏணி ஏறி மூன்று வருஷமாகிறது. நீங்களும் தங்கச்சியும் சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பேராலயத்துக்குப் போனேன். நாம் சுவர் சுவராக வெள்ளையடித்த இடத்துக்கே டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று போனேன். சிரிக்காதீர்கள். வீட்டுக்காரிதான் இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே நுழைகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். தூண்கள் மேலே போய்க் கிளை பிரிந்து ஒன்றையொன்று தொடுகிற இடத்தில், யார் கண்ணுக்கும் எட்டாத உயரத்தில், கல்லிலே இலை இலையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடியின் சிவப்பும் நீலமும் தரையில் விழுந்து, இவளுடைய வெள்ளைச் செருப்பு நீலமாகிவிட்டது. நாலு மாதம் அங்கே வேலை பார்த்தோமே, இதில் ஒன்றைக்கூட நான் பார்த்த நினைவில்லை. எத்தனை அடுக்குச் சாரம் கட்ட வேண்டும் என்றுதான் பார்த்திருக்கிறேன். நீங்கள்தான் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் அண்ணாந்து நிற்பீர்கள். வேல பாக்க வந்தீங்களா, வேடிக்கை பாக்க வந்தீங்களா என்று நான் கீழேயிருந்து கத்துவேன்.

நான் இணங்கிப் போனது அதையெல்லாம் பார்க்க இல்லை. தெற்கு மூலையில் இருக்கிற சின்ன ஜெப அறையின் சுவருக்காக. மழைத் தண்ணீர் இறங்கி, நாம் அடித்த சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருக்கிறது. அடியில் நிறம் தெரியவும், பழைய ஓவியங்களைச் சீர்செய்கிற ஓர் அம்மாவை வரவழைத்திருக்கிறார்கள். சுவர் டாக்டர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். நான் மூடியதைச் சின்னக் கத்தியும் பஞ்சும் வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாகத் திறந்துகொண்டிருக்கிறார்.

மாப்பிள்ளை, நீங்கள் சொன்னது சத்தியம். உள்ளே ஆள் இருந்தார். ஒருவர் இல்லை, பதினோரு பேர். அந்த ஆலயத்தைக் கட்டியவர்களையே வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒருத்தி சுண்ணாம்பு குழைக்கிறாள். ஒருவன் கல் சுமக்கிறான். ஒருவன் காலை நீட்டிக்கொண்டு நன்றாகத் தூங்குகிறான், அவனைப் பார்த்ததும் எனக்கு மேஸ்திரி புத்தி வந்து எழுப்பலாமா என்றிருந்தது. எல்லாம் நம் தொழில்காரர்கள். சாரத்தின் மேல் நிற்கிற பதினோராவது ஆளுக்கு மட்டும் முகம் இல்லை. கழுத்துக்கு மேலே கீறல் கீறலாக வெறும் சுவர்.

அது என் கம்பி பிரஷ்.

அன்றைக்குப் பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்த நீங்கள், மச்சான், உள்ள ஒருத்தர் இருக்காரு, நம்மளப் பாத்துச் சிரிக்கிறாரு என்று கூப்பிட்டீர்கள். ஆயர் பார்வையிட வர மூன்று நாள்தான் இருந்தது. சுவரில் படம் என்று தெரிந்தால் வேலை நிற்கும், ஒப்பந்தம் கைவிட்டுப் போகும். பேசாம மேல அடிங்க என்றேன். மாட்டேன் என்று இறங்கிப் பெரிய பாதிரியாரைத் தேடிப் போனீர்கள். மேஸ்திரி நான் குத்துக்கல்லாட்டம் இருக்க, என்னைத் தாண்டிப் போவதா என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. நீங்கள் திரும்புவதற்குள், நீங்கள் திறந்திருந்த அந்தக் கையகல இடத்தைத் தேய்த்து, இரண்டு பூச்சு அடித்துவிட்டேன். தேய்க்கும்போது நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓடாது என்று எனக்குத் தெரியும்.

பாதிரியார் வந்து கேட்டபோது, ஒண்ணும் இல்ல ஃபாதர், இவரு காலையிலயே ஊத்திக்கிட்டு வந்திருக்காரு என்றேன். ஒரு சொட்டுத் தொட்டறியாத மனுஷனை. என் நாக்கு அழுகியிருக்க வேண்டும். குடிகாரனை எந்த மேஸ்திரி சாரத்தில் ஏற்றுவான்? ஊரில் ஒருவரும் உங்களுக்கு வேலை தரவில்லை. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு இத்தனை தூரம் போய்விட்டீர்கள். இருபத்திரண்டு வருஷம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சுவர் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த முகத்தைத் தேய்த்தது நான்தான் என்று சொன்னேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு, அது ஆணா பெண்ணா, தாடி இருந்துச்சா, வயசு என்ன இருக்கும் என்று கேட்டார். அதைப் பார்த்த மனுஷன் உலகத்தில் ஒரே ஒருவர்தான், சிரிக்கிறார் என்று சொன்னார், அவர் பேச்சை நான் பொய்யாக்கிவிட்டேன் என்றேன். உங்கள் விலாசம் கேட்டார். முதலில் நான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு நீங்கள் பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இப்போதிருக்கிற பாதிரியாரிடம் கொடுத்திருக்கிறேன். நகல் இதனுடன் இருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வீட்டுக்காரி ஒன்று சொன்னாள். தங்கச்சி எப்போதோ போனில் அவளிடம் சொன்னாளாம். அண்ணன் பொய் சொல்லாது என்று நம்பி, நீங்கள் வேலை விட்டு வரும்போதெல்லாம் பையை வாங்குகிற சாக்கில் கிட்டே வந்து உங்கள் மூச்சை முகர்ந்து பார்ப்பாளாம். இன்றைக்கும். அது தெரிந்தே நீங்களும் ஒரு நிமிஷம் நின்று கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவீர்களாம்.

இந்தக் கடிதத்தை நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டாம். அவள் கையிலேயே கொடுங்கள், என் எழுத்து அவளுக்குத் தெரியும். தங்கச்சி, உன் அண்ணன் பொய் சொன்னான். நாளை சாயங்காலம் அவர் வரும்போது வாசலில் நிறுத்தாதே. நேரே உள்ளே வரட்டும்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கப்படுகிற
உங்கள் மச்சான்